மரியாவுக்குப் பின்னால் வரும் சொல்

போர்ச்சுகலின் ஃபாடோ இசையை உலகறியச் செய்த பாடகி அமாலியா ரொட்ரிகஸ் 1920இல் லிஸ்பனில் பிறந்தவர். அவருடைய முழுப்பெயர் அமாலியா ட பியெடாடே ரெபொர்டாவோ ரொட்ரிகஸ். அமாலியா என்பது அவருக்கு இட்ட பெயர். ரெபொர்டாவோ தாய்வழிக் குடும்பப்பெயர், ரொட்ரிகஸ் தந்தைவழிக் குடும்பப்பெயர். நடுவில் நிற்கும் ‘ட பியெடாடே’ பக்தியால் வந்த பெயர். சிலுவையிலிருந்து இறக்கிய மகனை மடியில் ஏந்தியிருக்கும் மாதாவை அது குறிக்கிறது.

போர்ச்சுகல் பெண்களின் பெயர்களில் இப்படிப்பட்ட சொற்கள் ஏராளம். மூதாதையரைத் தேடிப் பழைய பதிவேடுகளைப் புரட்டுகிறவர்கள் இவற்றைக் குடும்பப்பெயர் என்று எண்ணித் தடம் மாறிவிடுவதுண்டு. பொருள் தெரிந்து வாசித்தால், அந்த வீட்டாரின் பக்தி, ஊர்த் திருவிழா, சில சமயம் பிறந்த காலம்கூட ஒரு பெயரிலேயே தெரியவரும்.

ஒரே மரியா, பல மாதாக்கள்

கத்தோலிக்க போர்ச்சுகலில் பெண் குழந்தைக்கு மரியா என்று பெயரிடுவது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். தெருவுக்குப் பல மரியாக்கள் இருந்தால் எப்படி அடையாளம் காண்பது? மாதாவின் பட்டங்களில் ஒன்று கூடச் சேர்ந்துகொண்டது. மரியா ட கொன்செய்சாவோ என்றால் அமலோற்பவ மாதாவின் பெயர் கொண்டவள். திருநாள் டிசம்பர் 8. மரியா டாஸ் டோரஸ் என்றால் வியாகுல மாதா, செப்டம்பர் 15. மரியா டோ ரொசாரியோ என்றால் செபமாலை மாதா, அக்டோபர் 7. மரியா டோ கார்மோ என்றால் கார்மேல் மாதா, ஜூலை 16. இவற்றில் வரும் ட, டோ, டாஸ் எல்லாம் ‘உடைய’ என்ற பொருள் தரும் ஒட்டுகளே. திருநாளை ஒட்டிப் பிறந்த குழந்தைக்கு அந்தப் பட்டத்தைச் சூட்டுவார்கள். பேறுகாலத்தில் நேர்ந்துகொண்ட மாதாவின் பெயரையோ ஊர்க் கோயில் மாதாவின் பெயரையோ வைப்பதும் உண்டு.

கூப்பிடும்போது மரியா மறைந்துவிடும், பட்டம்தான் நிற்கும். டோரஸ், ரொசாரியோ என்றே அழைப்பார்கள். கொன்செய்சாவோ என்ற நீண்ட பெயரின் கடைசி அசை மட்டும் நின்று ‘சாவோ’ ஆகும். மரியா டி லூர்டஸ் வீட்டில் ‘மிலு’.

தமிழ்க் கத்தோலிக்கருக்கு இது அந்நியமாகத் தோன்றாது. அமலோற்பவ மேரி, வியாகுல மேரி, செபமாலை, ஆரோக்கிய மேரி என்ற பெயர்களும் இதே பட்டங்களிலிருந்து வந்தவைதாம். தூத்துக்குடியில் ஆகஸ்ட் 5 அன்று திருவிழா காணும் பனிமய மாதாவைப் போர்ச்சுகீசியர் ‘டாஸ் நேவெஸ்’, அதாவது பனிகளின் அன்னை என்பார்கள். 16ஆம் நூற்றாண்டில் அவர்கள் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது இந்தப் பக்தியும் உடன் வந்தது.

காலம் சொல்லும் பெயர்கள்

சில பட்டங்களுக்குத் தேதி உண்டு. பிரான்சின் லூர்து நகரில் மாதா காட்சி தந்ததாகச் சொல்லப்படுவது 1858இல். ஆகவே மரியா டி லூர்டஸ் என்ற பெயர் அதன் பிறகே பரவியது. 1979இல் போர்ச்சுகலின் முதல் பெண் பிரதமரான மரியா டி லூர்டஸ் பின்டாசில்கோவின் பெயரும் அதுவே. போர்ச்சுகலின் ஃபாத்திமா என்ற ஊரில் மூன்று சிறார்கள் மாதாவைக் கண்டதாகச் சொன்னது 1917இல். 1930இல் அந்த மறைமாவட்ட ஆயர் அதை நம்பத்தக்கது என்று அறிவித்தார். மரியா டி ஃபாத்திமா என்ற பெயர் வழக்கமானது இவற்றுக்குப் பின்தான். ஃபாத்திமா அரபுப் பெயராயிற்றே என்று கேட்கலாம். அங்கே ஆண்ட முஸ்லிம்களின் காலம் விட்டுச்சென்ற ஊர்ப்பெயர் அது. பெண்களுக்கு வந்தது ஊரின் மாதா வழியாக.

கொன்செய்சாவோ விஷயத்தில் இந்தக் கணக்குச் செல்லாது. மாதா ஜென்மப் பாவமின்றிக் கருவானாள் என்னும் அமலோற்பவத்தைத் திருச்சபை விசுவாசக் கோட்பாடாக அறிவித்தது 1854இல்தான். ஆனால் மன்னர் நான்காம் ஜோவாவோ 1646இலேயே விலா விசோசா கோயிலின் அமலோற்பவ மாதாவை நாட்டின் பாதுகாவலியாக்கி மணிமுடியை அவளுக்கு அர்ப்பணித்தார். அதன்பின் போர்ச்சுகல் மன்னர்கள் தலையில் முடி சூடவில்லை. ஆகவே கொன்செய்சாவோ என்ற பெயர் 17ஆம், 18ஆம் நூற்றாண்டுப் பதிவேடுகளிலும் வரும்.

பதிவேட்டில் பெண்

1563இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்துப் பொதுச்சங்கம் ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் பங்குக் கோயில்கள் பதிவுசெய்ய வேண்டும் என்று விதித்தது. அந்தப் பழைய ஞானஸ்நானப் பதிவில் குழந்தைக்கு ‘மரியா’ என்ற ஒற்றைச் சொல்தான் இருக்கும். பெற்றோர், ஊர், ஞானத்தந்தை, ஞானத்தாய் பெயர்கள் தொடரும். குழந்தைக்கு ஞானத்தாயின் பெயரையே வைப்பது சாதாரணம். சில பதிவுகளில் ஞானத்தாய் ‘நம் அன்னை’ என்றே எழுதியிருக்கும். அதாவது மாதாவே ஞானத்தாய். அவளுக்குப் பதிலாக ஒருவர் நின்று, மாதா சுரூபத்தின் மணிமுடியால் குழந்தையைத் தொடுவார்.

அந்த மரியா வளர்ந்த பிறகு என்ன பெயர் வரும் என்பதற்கு அப்போது கட்டாய விதி இல்லை. அண்ணன் தந்தையின் குடும்பப்பெயரைக் கொள்ள, தங்கைகளில் ஒருத்தி டி ஜெசுஸ் (இயேசுவுடைய), இன்னொருத்தி ட கொன்செய்சாவோ என்று இருக்கலாம். ஒரே பெண்ணே திருமணப் பதிவில் ஒரு பெயரிலும் பிள்ளையின் ஞானஸ்நானப் பதிவில் இன்னொரு பெயரிலும் வருவாள். ஃபாத்திமாவில் மாதாவைக் கண்டதாகச் சொன்ன சிறுமி ஜசிந்தாவின் குடும்பத்தையே பாருங்கள். தந்தை மனுவேல் பெட்ரோ மார்டோ, தாய் ஒலிம்பியா டி ஜெசுஸ், மகள் ஜசிந்தா டி ஜெசுஸ் மார்டோ. தாயின் பக்திப்பெயர் மகளுக்கும் வந்து தந்தையின் குடும்பப்பெயருக்கு முன்னால் நிற்கிறது.

கோயில் பதிவேடுகளுக்குப் பதிலாக எல்லாருக்கும் அரசுப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் போர்ச்சுகலில் 1911இல்தான் வந்தது.

தேடுகிறவர்களுக்கு

பாட்டி பெயர் மரியா டி ஜெசுஸ் என்றால் ஜெசுஸ் என்ற குடும்பத்தைத் தேடி அலைய வேண்டாம். டி ஜெசுஸ் என்றாலே அனாதைக் குழந்தை, மதம் மாறியவர் என்றெல்லாம் முடிவுகட்டுவதும் தவறு. அந்தச் சொல் ஒரு பக்தியைத் தவிர வேறெதற்கும் சான்றாகாது. பெற்றோர் பெயர், ஊர், கணவர் பெயர், ஞானப்பெற்றோர் பெயர் ஆகிய நான்கும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ஒவ்வொரு பதிவிலும் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ அப்படியே, திருத்தாமல், தேதியோடு குறித்துவையுங்கள். குடும்பப்பெயர் ஆண்வழியைத்தான் பெரும்பாலும் காட்டும். பாட்டிகள் எதை நம்பி வாழ்ந்தார்கள் என்பதை மரியாவுக்குப் பின்னால் வரும் அந்தச் சொல்தான் காட்டும். அதை விட்டுவிடாதீர்கள்.