மறைந்தவரின் குரலை இழக்காமல் பாதுகாப்பது எப்படி?

திருவனந்தபுரம்: குடும்பத்தில் ஒருவர் மறைந்தபின் அவரது புகைப்படம் சுவரில் இருக்கும், குரலோ பெரும்பாலும் பழைய கைப்பேசியின் வாட்ஸ்அப் உரையாடலில் மட்டுமே எஞ்சியிருக்கும். காப்புப் பிரதி இல்லாத நிலையில் அந்தக் கைப்பேசி பழுதானால், குரலும் அதனுடன் மறைந்துவிடும்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய சாலைக் கடைத்தெருவிலும் அதை ஒட்டிய ஆரியசாலையிலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. மலையாளம் கலந்து ஒலிக்கும் மூத்தோரின் தமிழை எழுத்தால் முழுமையாகக் காட்ட இயலாது. இத்தகைய குடும்பங்களில் ஒலிப்பதிவு ஒருவரின் குரலோடு ஒரு பேச்சுவழக்கையும் காக்கிறது.

இந்த எண்ணம் புதியதன்று. 1877இல் ஒலிப்பதிவுக் கருவியை உருவாக்கிய தாமஸ் ஆல்வா எடிசன், குடும்பத்தினரின் நினைவுகளையும் இறுதி வார்த்தைகளையும் அவரவர் குரலிலேயே பதிந்து வைப்பதை அதன் பயன்களுள் ஒன்றாக 1878இல் குறிப்பிட்டார்.

ஏற்கெனவே உள்ள பதிவுகள்

வாட்ஸ்அப் குரல் செய்திகளைத் தனித்தனியே தேர்ந்தெடுத்து, 'பகிர்' வசதி மூலம் கைப்பேசிக்கு வெளியே சேமிக்க வேண்டும். கோப்பின் பெயரில் பேசியவர், நாள், பேசப்பட்ட பொருள் ஆகியவற்றைக் குறிப்பது நல்லது. மூன்று பிரதிகள் எடுத்து, அவற்றுள் ஒன்றை வேறொரு வீட்டிலோ இணையச் சேமிப்பகத்திலோ வைப்பது பாதுகாப்பானது.

ஒலிநாடாக்கள் காலப்போக்கில் ஒட்டிக்கொள்ளும், பூஞ்சையும் பிடிக்கும். அவற்றை விரைவில் கணினிக்கு மாற்றுவது அவசியம். பூஞ்சை தென்பட்டால் நாடாவை ஓடவிடாமல், அனுபவமுள்ளவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

புதிதாகப் பதிவு செய்ய

முதலில் அவரது சம்மதத்தைப் பெற வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, கைப்பேசியை அவருக்கு அருகில் வைக்கலாம். முதன்முதலில் கடை திறந்த நாள், திருமணம், தாலாட்டு, சமையல் பக்குவம் எனக் குறிப்பாகக் கேட்டால் பேச்சு இயல்பாக வரும். பன்னாட்டு ஒலி ஆவணக் காப்பகச் சங்கம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தைப் பரிந்துரைக்கிறது. இத்தரத்தில் ஒற்றைத்தடப் பதிவாக ஒரு மணி நேரப் பேச்சு, சுமார் 520 எம்.பி. இடம் பிடிக்கும்.

செயற்கை நுண்ணறிவு

'லால் சலாம்' (2024) படப் பாடல் ஒன்றில், 1997இல் மறைந்த சாகுல் ஹமீது, 2022இல் மறைந்த பம்பா பாக்யா ஆகியோரின் குரல்களை இசையமைப்பாளர் ஏ.ஆர். ரஹ்மான் செயற்கை நுண்ணறிவு மூலம் பயன்படுத்தினார். இரு குடும்பத்தினரிடமும் அனுமதி பெற்று, உரிய ஊதியம் வழங்கப்பட்டதாக அவர் தெரிவித்தார்.

எனினும், அவ்வாறு உருவாக்கப்படும் குரல், அவர் பேசாததையும் பேசும். போலிக் குரலில் பணம் பறிக்கும் மோசடிகளும் நடப்பதால், பதிவுகளைப் பொதுவெளியில் பகிராமல் குடும்பத்துக்குள் வைத்திருப்பதே நல்லது. அசல் பதிவில் இருமல், தயக்கம், பின்னணியில் கேட்கும் தெருச் சத்தம் இருப்பினும் அதை அப்படியே பாதுகாத்து, திருத்தங்களைப் பிரதியில் மட்டுமே செய்ய வேண்டும்.