மாதிரி விமானத்துக்குச் சர்வோ தேர்ந்தெடுத்தல்

ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானத்தில், தரையில் நிற்பவரின் விரலசைவை இறக்கையிலும் வாலிலும் உள்ள அசையும் பரப்புகளுக்குக் கொண்டுசேர்க்கும் சிறு கருவியே சர்வோ. அதன் பெட்டிக்குள் ஒரு மின்மோட்டார், மோட்டாரின் வேகத்தைக் குறைத்து விசையைப் பெருக்கும் பற்சக்கரத் தொடர், வெளித்தண்டு நிற்கும் கோணத்தை அளக்கும் மாறுமின்தடை, இவற்றை ஆளும் மின்சுற்று ஆகியவை அடங்கியுள்ளன. ரிசீவரிலிருந்து வரும் மின்துடிப்பு 1.5 மில்லிசெகண்ட் நீடித்தால் தண்டு நடுவில் நிற்கும். அது 1 மில்லிசெகண்டை நோக்கிக் குறுகினால் ஒரு பக்கமும், 2 மில்லிசெகண்டை நோக்கி நீண்டால் மறுபக்கமும் திரும்பும்.

வாங்குபவர் பெரும்பாலும் முதலில் பார்ப்பது முறுக்குவிசை. 1.8 கிலோ-சென்டிமீட்டர் என்று குறிக்கப்பட்ட சர்வோ, தண்டின் மையத்திலிருந்து 1 செ.மீ. தள்ளி 1.8 கிலோ எடையையும், 2 செ.மீ. தள்ளினால் அதில் பாதியையும் தாங்கும் என்பது இதன் பொருள். ஆனால் இந்த எண், சர்வோ மேலும் திரும்ப முடியாமல் திணறி நின்றுவிடும் எல்லையைக் குறிப்பதேயன்றி இயல்பான உழைப்பைக் குறிப்பதன்று. ஆகவே அதில் பாதிக்குமேல் நம்பாதிருப்பது நல்லது. மின்னழுத்தத்தைப் பொறுத்தும் அது மாறும்: ஜப்பானிய நிறுவனமான ஃபுடாபாவின் எஸ்3003 சர்வோ 4.8 வோல்ட்டில் 3.2, 6 வோல்ட்டில் 4.1 கிலோ-சென்டிமீட்டர் தருகிறது.

எவ்வளவு விசை தேவை என்பதை விமானமே தீர்மானிக்கிறது. பரப்பு பெரிதாகவும் அது திரும்பும் கோணம் அதிகமாகவும் இருந்தால் சுமை கூடும் என்பது எளிதில் புரியும். வேகம் இரட்டிப்பானால் காற்றின் அழுத்தம் நான்கு மடங்காகிறது என்பதைத்தான் பலர் மறந்துவிடுகின்றனர். ஒரு கிலோவுக்குக் குறைந்த மெதுவான ஃபோம் விமானத்துக்கு 9 கிராம் சர்வோக்களே போதும். ஒன்றரை மீட்டர் இறக்கை கொண்ட பால்சா மரப் பயிற்சி விமானத்துக்கு எஸ்3003 போன்ற, ஏறக்குறைய 37 கிராம் எடையுள்ள சர்வோக்கள் வழக்கம். பரப்புகளை 45 பாகைவரை மடக்கிச் சாகசம் செய்யும் விமானத்துக்கோ விசையோடு விரைவும் வேண்டும். விரைவு என்பது 60 பாகை திரும்பப் பிடிக்கும் நேரம். சாகச விமானத்தில் அது 0.1 செகண்ட் அளவில் இருப்பது விரும்பத்தக்கது.

நைலான் பற்சக்கரம் எடை குறைந்தது, ஆனால் முரட்டுத் தரையிறக்கத்தில் பல் உடையும். உலோகம் அவ்வளவு எளிதில் உடையாது. ஆனால் நாளடைவில் தேய்ந்து பற்களுக்கிடையே தளர்வு உண்டாகும். அந்தத் தளர்வு, வேகமாகப் பறக்கையில் பரப்பைப் படபடவென்று அடிக்கச் செய்து நொடிகளில் பிய்த்தெறியவும் கூடும் என்பதால், உலோகம் என்ற சொல்லை மட்டும் நம்பி வாங்குவது சரியன்று. திரும்பிய தண்டு ஒவ்வொரு முறையும் அதே நடுப்புள்ளிக்கு வந்து நிற்கிறதா என்பது விசையைவிட முக்கியமானது.

டிஜிட்டல் சர்வோ மோட்டாருக்கு நொடிக்கு ஏறத்தாழ 300 முறை மின்சாரம் தந்து பிடியை உறுதியாக்குகிறது. பழைய அனலாக் வகையில் இது 50 முறைதான். அதற்கேற்ப டிஜிட்டலில் மின்செலவும் கூடுகிறது. எல்லாச் சர்வோக்களும் ஒருசேர உழைக்கும்போது மின்வழங்கி ஈடுகொடுக்காவிட்டால், அழுத்தம் சரிந்து ரிசீவர் அணைந்து மீண்டும் உயிர்பெறும்; அந்த இடைவெளியில் விமானம் யார் சொல்லையும் கேட்காது. சிக்னல் போய்விட்டது என்று பழிசுமத்தப்படும் விபத்துகளில் சிலவற்றின் உண்மைக் காரணம் இதுவே.

இரண்டு ஏலரான்களில், அதாவது விமானத்தை உருட்டும் இறக்கைப் பரப்புகளில், ஒன்றன் சர்வோ நடுநிலையில் நின்றுபோனால் மற்றொன்றைக்கொண்டு பெரும்பாலும் தரையிறக்கிவிடலாம். திசைதிருப்பும் ரட்டர் இல்லாமலும் சமாளிக்கலாம். மூக்கை ஏற்றியிறக்கும் எலிவேட்டர் செயலிழந்தால் விமானம் தப்புவது அரிது. எனவே சிக்கனம் பார்க்க விரும்புவோர் ரட்டரில் பார்க்கட்டும். கையிலுள்ளவற்றில் சிறந்த சர்வோவை எலிவேட்டருக்கே பொருத்த வேண்டும்.