சுவரில் ஓர் அந்தாதி

கால்நடைச் சந்தை கூடிய இடம் என்பதைப் பெயரிலேயே தாங்கி நிற்பது மாட்டுத்தாவணி. 1999ஆம் ஆண்டில் அங்கே ஒருங்கிணைந்த பேருந்து நிலையம் அமைந்தபின், வைகையின் வடகரையில் மதுரை மாநகர் மேலும் விரிந்தது. புதியனவாய் எழும் இல்லங்களில் சுவர்த்தாள் ஒட்டும் வழக்கமும் பரவி வருகிறது. அத்தாள்களில் பாரிசின் ஈபில் கோபுரமும் நியூயார்க்கின் வானளாவிய மாடங்களும் காட்சி தருகின்றன. நம் நகரின் கட்டடக்கலை அங்கே இடம்பெறலாகாதா? இடம்பெறின் எவ்வாறு இடம்பெறுதல் தகும்? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கட்டடத்தைச் சுவர்த்தாளில் கொணர இருவழிகள் உண்டு. கட்டடத்தின் உருவத்தை அவ்வாறே அச்சிடுதல் ஒன்று. அதன் அமைப்பொழுங்கை மட்டும் எடுத்தாளுதல் மற்றொன்று. முதல் வழியை 1841இல் இங்கிலாந்தின் கட்டடக்கலைஞர் அகஸ்டஸ் பியூஜின் கடுமையாகச் சாடினார். ஒரு கோதிக் கட்டடத்தை நிழலோடும் ஆழத்தோடும் வரைந்து, அதனையே தரை முதல் கூரை வரை மீண்டும் மீண்டும் ஒட்டுவது பொருந்தாது என்பது அவர் கருத்து. சுவரோ தட்டையானது, அதன்மேல் கட்டடத்தின் தலையில் கட்டடம் ஏறி நிற்பின் கண் மயங்குமேயன்றி மனம் அமைதி கொள்ளாது.

இரண்டாம் வழிக்குச் சான்றாக விளங்கியவர் ஓவன் ஜோன்ஸ். அவர் 1834இல் ஸ்பெயின் நாட்டுக் கிரானடா நகரை அடைந்து, முஸ்லிம் மன்னர்கள் எழுப்பிய அல்ஹம்ரா அரண்மனையை அளந்து வரைந்தார். வட்டமும் சதுரமும் தம்முள் பின்னி எல்லையின்றி விரியும் கணக்கை அச்சுவர்களிலே கண்டார். பின்னர்த் தாமே சுவர்த்தாள்களும் வடிவமைத்தார். 1856இல் அவர் வெளியிட்ட நூலின் பெயரை 'அணியின் இலக்கணம்' எனத் தமிழாக்கலாம். தண்டியலங்காரம் பயிலும் நமக்கு அணிக்கும் இலக்கணம் உண்டென்பது புதிய செய்தியன்று.

சுவர்த்தாளின் உயிர்நாடி மீள்வருகையே. ஒரு சிறு வடிவம் பக்கவாட்டிலும் மேலும் கீழும் தொடர்ந்து வரும். அதன் வலவிளிம்பில் முடியும் கோடு, அடுத்ததன் இடவிளிம்பில் பிசிறின்றித் தொடங்குதல் வேண்டும். ஓர் அடியின் ஈறே அடுத்த அடியின் முதலாகும் அந்தாதியும் இவ்வாறன்றோ இயல்கிறது? அடுத்த வரிசையைப் பாதி உயரம் இறக்கி அமைப்பின், ஒரேசீராய் நிற்கும் சலிப்பும் நீங்கும்.

மதுரையில் இதற்குரிய செல்வம் மிகுதி. 1636இல் எழுந்த திருமலை நாயக்கர் மகாலில் இந்து, இசுலாமியக் கட்டடக்கலைகள் கைகோத்து நிற்கின்றன. அதன் இதழ்வளைவுகளின் புறக்கோட்டை மட்டும் எடுத்துத் தொடுத்தால் அலையலையாய் ஒரு வடிவம் பிறக்கும். ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி எனச் சதுரத்துள் சதுரமாய் அமைந்த வீதிகளே ஒரு வடிவ அலகாகும். கட்டம் வகுத்துப் புள்ளியிட்டு முடிச்சிடும் சுங்குடிச் சேலை, இக்கலை நம்மவர்க்குப் பழகியதே என்பதை மெய்ப்பிக்கிறது. மதுரைச் சுங்குடி 2005இல் புவிசார் குறியீடும் பெற்றது.

இங்கே ஒரு வரம்பும் நினைவிற்குரியது. திருவுருவங்களும் திருமறை வசனங்களும் அலங்காரப் பொருள்கள் ஆகா; கட்டிலின் பின்னும் காலணி வைக்கும் இடத்தின் அருகிலும் அவை அமைந்தால் நம்பிக்கையுடையோர் உள்ளம் புண்படும். வளைவும் சதுரமும் புள்ளியுமோ அனைவர்க்கும் பொதுவானவை. எவ்வீட்டுச் சுவரிலும் தயக்கமின்றி அமையத்தக்கவை.

கணிப்பொறி வழி அச்சிடும் இக்காலத்தில் ஓர் அறைக்கு வேண்டிய அளவு மட்டும் அச்சிடுதலும் இயலும். ஆகவே மாணவச் செல்வங்கள் அளவுகோலும் கட்டத்தாளும் ஏந்தி மகாலுக்குச் செல்க. ஒரே ஒரு வளைவை அளந்து வரைந்து பழகுக. அளந்து வரைந்த கண்ணுக்கே கட்டடத்தின் அருமை புலனாகும். அருமை உணர்ந்தோரே அதனைக் காக்கவும் முன்வருவர்.