எலும்பில் குருதி: இருப்பும் ஓட்டமும்

முதியவர் ஒருவர் வழுக்கி விழுகிறார். தொடை எலும்பின் கழுத்து முறிகிறது. முறிந்ததை ஆணியிட்டுப் பொருத்துவதா, எலும்பின் தலையையே நீக்கிச் செயற்கைத் தலை வைப்பதா? மருத்துவர் எண்ணிப் பார்ப்பவற்றுள் முக்கியமானது, தலைப்பகுதிக்குக் குருதி செல்கிறதா என்பது. கழுத்தையொட்டி மேலேறும் சிறு குழாய்கள் அறுந்தால் அப்பகுதி பட்டுப்போகும். ஆயினும் முதல் சில வாரங்களில் எக்ஸ்ரே படத்தில் அது நலமாகவே தோன்றக்கூடும்.

எலும்பு உலர்ந்த கட்டையன்று. ஓயாது தன்னைப் புதுப்பிக்கும் உயிர்த்திசு. கதிரியக்கப் பாஸ்பரசை எலிகளுக்கு அளித்து ஹெவெசி என்னும் அறிஞர் 1935இல் இதனைக் காட்டினார்.

எலும்பின் குருதியை அளக்குங்கால் இருப்பு வேறு, ஓட்டம் வேறு என உணர்தல் வேண்டும். மடை அடைபட்ட குளத்தில் நீர் நிறைந்திருக்கும், ஆனால் ஓடாது.

இருப்பை அளக்க, விலங்காய்வில் செவ்வணுக்களில் குரோமியம்-51 ஏற்றிச் செலுத்துவர். ஒரு மில்லிலிட்டர் குருதியின் கதிர் எண்ணிக்கை 1,000, எலும்புத் துண்டினுடையது 3,000 எனக் கொள்வோம். துண்டில் 3 மில்லிலிட்டர் குருதி உண்டு என்றாகிறது. நுண்குழாய்களில் செவ்வணு விகிதம் குறைவதால், குருதிநீரை அயோடின் ஏற்றிய ஆல்புமினால் தனியே அளந்து கணக்கைத் திருத்துவர்.

ஓட்டத்தை அளக்க, கதிரியக்கம் ஏற்றிய நுண்மணிகளை இதயத்தின் இடப்புறத்தில் செலுத்துவர். மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் 15 பங்கே அவற்றின் விட்டம். அவை குருதியோடு சென்று, தம்மினும் குறுகிய தந்துகிகளில் சிக்கும். அதே வேளையில் தமனி ஒன்றிலிருந்து நிமிடத்துக்கு 10 மில்லிலிட்டர் வீதம் குருதி எடுப்பர். எடுத்த குருதியில் எண்ணிக்கை 5,000, எலும்பில் 1,000 எனில், எலும்பின் ஓட்டம் நிமிடத்துக்கு 2 மில்லிலிட்டர். நாம் வகுப்பில் கற்பிக்கும் விகிதக் கணக்கே இது!

மனிதர் எலும்பை வெட்டியெடுத்து எண்ணுதல் இயலாது. எனவே புளோரின்-18 கலந்த மருந்தைச் செலுத்தி, எலும்பு அதனை ஈர்க்கும் வேகத்தைப் பாசிட்ரான் படக்கருவியால் அளந்து, ஓட்டத்தை மதிப்பிடுவர். இப்பொருளின் அரை ஆயுள் ஏறத்தாழ 110 நிமிடங்களே.

குருதி தேங்கி நிற்கும் எலும்பும் உயிர்வளியின்றிப் பட்டினி கிடக்கலாம். ஆகவே வடிவத்தை மட்டும் கண்டோ, இருப்பை மட்டும் அளந்தோ எலும்பு வாழ்கிறதென முடிவு செய்தல் தவறு. உயிரூட்டுவது ஓட்டமே.