இரண்டு ஏரிகள், ஒரு நாள்



சில திங்களுக்கு முன்னர், மாமல்லபுரத்தில் அருச்சுனன் தபசு என்று வழங்கும் பெரும்பாறைச் சிற்பத்தின் முன் நின்றிருந்தேன். அங்கே கல்லில் நடக்கும் யானைகளையும், தவம் செய்வதுபோல் நடிக்கும் பூனையையும், அதன் காலடியில் கூடிய எலிகளையும் கல்லூரி மாணவர் ஒருவர் நெடுநேரம் நோக்கிக்கொண்டிருந்தார். பின்னர் என் பக்கம் திரும்பி, "ஐயா, ஆப்பிரிக்கா சென்று உயிருள்ள விலங்குகளைக் காண வேண்டுமென்பது என் கனவு. தான்சானியாவிலுள்ள செரெங்கெட்டிக்குச் செல்வது நன்றா? எல்லைக்கு அப்பால் கென்யாவிலுள்ள மாசாய் மாராவிற்குச் செல்வது நன்றா?" என்று வினவினார்.

"எந்த மாதத்தில் போகப் போகிறீர்?" என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் திகைத்தார். ஆயினும், அவ்வினாவிற்கு விடை மாதத்தில்தான் இருக்கிறது. இரண்டும் ஒரே புல்வெளியின் இரு பகுதிகள். நூ என்னும் விலங்குக் கூட்டம் மழையைத் தொடர்ந்து வளரும் புல்லை நாடி நடக்கிறது. ஆண்டின் தொடக்கத்தில் அது தெற்கே செரெங்கெட்டியில் கன்று ஈனுகிறது. ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் வடக்கே மாராவில் மேய்கிறது. மனிதர் வகுத்த எல்லைக்கோடு அதற்குத் தெரியாது. ஆகவே, எவ்விடம் சிறந்தது என்பதைவிட எப்பொழுது, எதைக் காண என்பதே முதற் கேள்வி ஆகும்.

இவ்வுண்மையைக் கற்க நாம் கடல் கடக்க வேண்டுவதில்லை. நமது செங்கல்பட்டு மாவட்டத்திலேயே, மதுராந்தகத்தை அடுத்து, ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவிற்குள் இரண்டு பறவைச் சரணாலயங்கள் உள்ளன. ஒன்று வேடந்தாங்கல், மற்றொன்று கரிக்கிலி. முன்னதை அறியாதார் இல்லை. பின்னதை அறிந்தார் சிலரே. 2022ஆம் ஆண்டு இவ்விரண்டும் ராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களாக ஏற்கப்பட்டன. உலகம் இரண்டையும் சமமாக மதித்தது. ஆனால், நம் பள்ளிப் பேருந்துகள் ஒன்றுக்கே செல்கின்றன.

வேடந்தாங்கல் ஏரி ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புடையது. நீருக்குள்ளேயே நீர்க்கடம்பும் கருவேலமும் நிற்கின்றன. வடகிழக்குப் பருவமழையால் ஏரி நிறைந்ததும் இம்மரங்கள் தீவுகளைப் போல் ஆகிவிடுகின்றன. நரியும் காட்டுப்பூனையும் எளிதில் அணுக முடியாத அவற்றின் கிளைகளில், நத்தைகுத்தி நாரை, வெள்ளை அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், சாம்பல் நாரை, வக்கா, நீர்க்காகம், பாம்புத்தாரா, கூழைக்கடா முதலியன அடுத்தடுத்துக் கூடு கட்டுகின்றன. நவம்பரில் கூடு கட்டத் தொடங்கி, டிசம்பர், ஜனவரி மாதங்களில் குஞ்சுகளைப் பேணி, நீர் வற்றும் கோடையில் அவை பிரிந்து செல்கின்றன.

இங்கே ஒரு பிழையைத் திருத்த விரும்புகிறேன். வேடந்தாங்கலில் கூடு கட்டுவன எல்லாம் வெளிநாட்டுப் பறவைகள் என்று பலர் எண்ணுகின்றனர்; நானும் பல்லாண்டுகள் வகுப்பில் அவ்வாறே சொல்லி வந்தேன். அது தவறு. கூடு கட்டும் நாரைகளும் கொக்குகளும் நம் நாட்டுப் பறவைகளே. சைபீரியா, நடு ஆசியா முதலிய வடபுலங்களிலிருந்து வரும் ஊசிவால் வாத்து முதலியன குளிர்காலத்தைக் கழிக்கவே வருகின்றன. அவற்றின் முட்டையும் குஞ்சும் வடக்கே. இங்கு அவை விருந்தினர் மட்டுமே.

அவ்விருந்தினரைக் காண ஏற்ற இடம் கரிக்கிலி. 1989ஆம் ஆண்டு சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இவ்விடம், மழைநீரால் நிறையும் இரண்டு ஏரிகளைக் கொண்டது. பரப்பு ஏறத்தாழ 61 ஹெக்டேர், அதாவது வேடந்தாங்கலைப்போல் இருமடங்கு. இங்கே திறந்த நீர்ப்பரப்பு மிகுதி. வாத்துகள் நீரின் நடுவே மிதக்கும். உள்ளான்கள் சேற்று விளிம்பில் இரை தேடும். கரைக்கும் அவற்றிற்கும் இடையே தொலைவு உண்டு. தொலைநோக்கிக் கண்ணாடியும் பொறுமையும் இல்லாதவர்க்கு இங்கே சில கரும்புள்ளிகளே தென்படும். இருப்பவர்க்கோ ஒவ்வொரு புள்ளியும் ஒரு பெயர் பெறும்.

இனி, என் குற்றம் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1996ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், ஐம்பது மாணவர்களை வேடந்தாங்கலுக்கு அழைத்துச் சென்றேன். நாங்கள் சேர்ந்தபோது மணி பதினொன்று, வெயில் ஏறியிருந்தது. பறவைகள் எல்லாம் எழுந்து பறந்தால் எவ்வளவு அழகாயிருக்கும் என்று ஒரு மாணவன் சொன்னான். பிள்ளைகள் கைதட்டிக் கூவினர். நான் தடுக்கவில்லை, உண்மையைச் சொன்னால், நானும் புன்னகையோடு நின்றேன். கரையோரத்து மரங்களிலிருந்து நீர்க்காகங்களும் கொக்குகளும் வெள்ளமென எழுந்தன. அடுத்த கணமே காகங்கள் இறங்கின. ஒரு காகம் முட்டையைக் கவ்விச் செல்வதை நாங்கள் எல்லோரும் கண்டோம். வேறொரு கூட்டில், நிழல் தரும் தாயில்லாத குஞ்சுகள் வெயிலில் வாய் பிளந்திருந்தன. காவலர் ஒருவர் எங்களை வையவில்லை. கையால் அக்கூட்டைச் சுட்டிக்காட்டியதோடு நின்றார். "நாம் கைதட்டியதாலா, ஐயா?" என்று கேட்டான் கடைசி வரிசைப் பையன். "ஆம்" என்று சொல்ல எனக்கு நெடுநேரம் ஆயிற்று.

ஒவ்வொரு பாடத்திற்கும் முதலில் குறிக்கோளை எழுதுக என்று ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்தனர். அன்று என் குறிப்பேட்டில் "பறவைகளைக் காணுதல்" என்று மட்டுமே இருந்தது. யார் காண்பது, எந்த வேளையில், எத்தனை பேர், நம் வரவால் அவற்றிற்கு நேர்வது யாது என்பன அதில் இல்லை. அன்று முதல், இடத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் இந்நான்கையும் எழுதிக்கொள்ளும் பழக்கம் எனக்கு வந்தது.

அவ்வாறு எழுதிப் பார்த்தால் தேர்வு எளிதாகும். முதன்முறை வரும் சிறுவர்க்கு வேடந்தாங்கலே தகும். தாய் ஊட்டுவதையும் குஞ்சு வளர்வதையும் கரையிலிருந்தே வெறுங்கண்ணால் காணலாம். மாலையில், இரை தேடச் சென்றவை கூட்டம் கூட்டமாகத் திரும்பும் காட்சியைக் காண அமைதியாக உட்கார்ந்தாலே போதும், கைதட்ட வேண்டுவதில்லை. பறவையினங்களை வேறுபடுத்தி அறிய முயலும் கல்லூரி மாணவர் நால்வர் ஐவர் மட்டும் என்றால், ஜனவரி அல்லது பிப்ரவரியில், விடியற்காலையில் கரிக்கிலிக்குச் செல்க. ஒரே நாளில் இரண்டும் வேண்டுமாயின், காலை கரிக்கிலி, மாலை வேடந்தாங்கல் என்று வகுத்துக்கொள்க. பருவமழை பொய்த்த ஆண்டில் இரண்டு ஏரிகளிலும் பறவை குறைவு. அப்பொழுது கிழக்கே திரும்பி, கோவளம், முதலியார்குப்பம் முதலிய கடற்கரைக் கழிமுகங்களை நாடுக.

இறுதியாக ஒன்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், அந்நியப் படையினர் வேடந்தாங்கல் பறவைகளைச் சுட்டுத் தள்ளியபோது, ஊர் மக்கள் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் என்பாரிடம் முறையிட்டு, வேட்டையைத் தடுக்கும் ஆணை பெற்றனர். 1858இல் அவ்வுரிமையைப் புதுப்பித்தும் கொண்டனர். பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் தம் வயலுக்கு உரமாவதை அவ்வுழவர்கள் அறிந்திருந்தனர். பறவைகளோ அந்த ஏரியில் மட்டும் உண்டு வாழ்வதில்லை. சுற்றியுள்ள வயல்களிலும் சிற்றேரிகளிலும் நத்தையும் மீனும் தேடியே குஞ்சுகளை வளர்க்கின்றன. 1998ஆம் ஆண்டு ஆணை ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வட்டத்தையும் சரணாலயத்தில் சேர்த்ததன் பொருள் அதுவே. அவ்வட்டத்து வயலும் குளமும் கெட்டால், முப்பது ஹெக்டேரில் நின்ற மரம் மட்டும் பறவையைக் காக்காது.

மாமல்லபுரத்துச் சிற்பத்தில் பூனை தவம் நடிக்கிறது; எலிகள் அதனை நம்புகின்றன. பறவைகளும் நம்மை நம்பித்தான் கரையருகே கூடு கட்டுகின்றன. அந்தப் பூனையாக நாம் இராதிருப்போமாக. செரெங்கெட்டிக்குச் செல்லும் நாள் அம்மாணவர்க்கு வாய்க்கட்டும். அதற்குமுன், வரும் மார்கழியில் ஒரு நாள் விடியலில் படாளம் கூட்டுச் சாலையில் இறங்கி, மேற்கே செல்லுமாறு அவரிடம் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.