புல்வெட்டும் இயந்திரத்தின் அடிப்பக்கம்

ஐப்பசி மழை விழத் தொடங்கியதும் எமது வடக்கு கிழக்குப் பகுதிகளில் முதலில் தலைதூக்குவது புல்தான். நவம்பர் 2 ஆம் திகதி இறந்தோர் நினைவு நாளுக்கு முன்னர் சேமக்காலைகளைத் துப்புரவு செய்ய வேண்டும். தை பிறந்ததும் பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு நாள் குறிப்பார்கள். மைதானத்தைச் செப்பனிட வேண்டும். முன்பள்ளி முற்றம், வைத்தியசாலை வளவு, சனசமூக நிலையத்து விளையாட்டிடம் எல்லாம் ஒரே காலத்திலேயே கத்திக்குக் காத்து நிற்கும். ஆக, எம்மவர் புல்வெட்டும் இயந்திரத்தை வெளியே எடுப்பது ஆண்டின் மிக ஈரமான மாதங்களிலேயாகும். இந்த இயந்திரத்துக்கு ஈரப்புல்லைப் போன்ற பகை வேறில்லை என்பதே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

சில்லுகளில் நிறுத்தித் தள்ளிச் செல்லும் பெற்றோல் இயந்திரத்தையே இங்கு கருதுகிறோம். ஊருக்கு ஒன்றாக, பாடசாலை அபிவிருத்திச் சங்கமோ கிராம அபிவிருத்திச் சங்கமோ சந்தா சேர்த்து வாங்கிய இயந்திரம் அது. இரண்டு மூன்று ஆண்டுகளில் அது கொட்டிலின் மூலைக்குப் போய்விட்டால், “எஞ்சின் சரியில்லை” என்று காரணம் சொல்லப்படும். அவ்வாறு ஒதுக்கப்பட்ட இயந்திரத்தைப் புரட்டிப் பார்த்தால் பல வேளைகளில் எஞ்சினில் பெருங்குறை இராது. அடிப்பக்கத்தில் ஒரு சாண் அகலத்துக்குக் காய்ந்து கறுத்த புல் சுவர்போல் இறுகியிருக்கும்; அதைத் தட்டிவிட்டால் கறள் தின்ற தகடும் கூடவே கழன்று விழும்.

கூடு வெறும் மூடியன்று

கத்தியைக் கவிழ்ந்து மூடியிருக்கும் அந்தப் பகுதியைக் கடைக்காரர் ‘டெக்’ என்பர். நாம் கூடு என்றே சொல்வோம். கல் தெறித்துக் காலில் படாமல் காப்பதற்கே இந்தக் கூடு என்று பலர் எண்ணுகின்றனர். அது உண்மையே, ஆனால் பாதி உண்மை. கத்தியின் இரு முனைகளையும் கூர்ந்து பாருங்கள். வெட்டும் விளிம்புக்கு எதிர்ப்புறம் சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும். மின்விசிறியின் இறகு செய்யும் வேலையை அந்த வளைவு செய்கிறது. கத்தி சுழலும்போது காற்று கீழிருந்து மேலே இழுபடுகிறது, படுத்திருந்த புல் நிமிர்கிறது, கத்தி அறுக்கிறது, அறுந்த துணுக்குகள் கூட்டினுள் காற்றோடு வட்டமிட்டுப் பக்கவாயால் வெளியே போகின்றன, அல்லது பின்னால் கொளுவியுள்ள பையினுள் விழுகின்றன. ஆகவே கூடும் கத்தியும் சேர்ந்துதான் ஒரு விசிறி. கூட்டின் உட்புறம் வழுவழுப்பாகவும் வெறுமையாகவும் இருந்தாற்றான் காற்று ஓடும்.

நிமிடத்துக்கு 3,000 தடவை அளவில் கத்தி சுழல்கிறது என்று கொள்வோம். 18 அங்குலக் கத்தியானால் அதன் முனை மணிக்கு ஏறத்தாழ 250 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும். அந்த வேகத்தில் புல் வெட்டப்படுவதோடு அரைபடவும் செய்கிறது. பச்சைப் புல்லின் நிறையில் முக்கால் பங்களவு நீர். அரைபட்ட சாறு பசைபோல் ஒட்டும். முதலில் மெல்லிய பச்சைப் படலம் ஒன்று தகட்டில் படிகிறது. அடுத்து வரும் துணுக்குகள் அதன்மேல் ஒட்டுகின்றன. மழைநீர் நின்றால் மண்ணும் கூடவே ஏறுகிறது. வைக்கோல் கலந்து குழைத்த மண்ணால் எமது முன்னோர் சுவர் எழுப்பிய அதே முறைதான்! மறுநாள் வெயிலில் அது காய்ந்து இறுகிவிட்டால் உளிகொண்டே பெயர்க்க வேண்டிவரும்.

உட்புறம் இவ்வாறு தடித்துக்கொண்டு போகக் காற்றோட்டம் குன்றுகிறது. புல் நிமிராமலே மடிந்து, வெட்டுப்படாமல் வரிவரியாக நிற்கிறது. வெட்டுண்டது வெளியேற வழியின்றிக் கட்டிகட்டியாகத் தரையில் விழுகிறது. அதன் கீழுள்ள புல் மூச்சடைத்து மஞ்சளாகிறது. எஞ்சின் திணறுகிறது. ஒரு தடவையில் முடியும் இடத்தை இரு தடவை வெட்டுகிறோம். 2022 இல் பெற்றோலுக்காக நாள் முழுதும் வரிசையில் நின்ற எமது மக்களுக்கு, வீணாகும் ஒரு லீற்றரின் பெறுமதியை நாம் விளக்கத் தேவையில்லை. கறளோ ஓசையின்றி நடக்கும் வேலை. தகட்டுக்கும் புல்லுக்கும் இடையே ஈரம் நாட்கணக்கில் தங்கும். கரையோரக் கிராமங்களில் உப்புக்காற்றும் துணை சேரும். தகடு ஓட்டையாகிவிட்டால் பிறகு கல் தெறிப்பதைத் தடுக்க எதுவுமில்லை. அலுமினியம், பிளாஸ்ரிக் கூடுகள் இப்படிக் கறளேறுவதில்லை; ஆனால் புல் அவற்றிலும் ஒட்டும்.

பழைய கையியந்திரங்களுக்கு இந்தத் தொல்லை இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிடலாம். இங்கிலாந்தின் எட்வின் பட்டிங் 1830 இல் காப்புரிமை பெற்ற இயந்திரம், துணியின் மேற்பரப்பைக் கத்தரிக்கும் ஆலை இயந்திரத்தைப் பார்த்துச் செய்தது. உருளையில் பொருத்திய கத்திகள் கத்தரிக்கோலைப்போல் புல்லை நறுக்கும், கூடு கிடையாது. கிரிக்கட் ஆடுகளங்களில் இன்றும் அவ்வகையே பாவனையிலுள்ளது. கிடையாகச் சுழலும் கத்தியைச் சாதாரண வீடுகளுக்குக் கொண்டுசென்றவர்களில் ஒருவர், 1952 இல் சிட்னியில் ‘விக்ரா’ இயந்திரத்தைச் செய்த மேர்வின் றிச்சட்சன். அவருடைய முதல் மாதிரிக்குப் பெற்றோல் தாங்கியாக அமைந்தது பீச் பழம் அடைத்துவந்த ஒரு தகர ரின்! உயர்ந்த புல்லையும் கரடான நிலத்தையும் சமாளிக்கும் வசதியை இவ்வகை எமக்குத் தந்தது. கூடவே கூட்டினுள் சேரும் புல்லையும் தந்தது.

கையை வைக்கும் முன்னர்

இங்கே சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. ஏனெனில் புல் அடைத்துக்கொண்டதும் எவருக்கும் முதலில் தோன்றுவது, குனிந்து கையால் இழுத்துவிடுவதே. விரல்கள் போவது இந்தக் கணத்தில்தான்.

“எஞ்சினை நிறுத்திவிட்டேனே” என்று சொல்வார்கள். போதாது. இத்தகைய சிறிய எஞ்சின்களுக்குத் தீப்பொறி உண்டாக்கப் பற்றறி தேவையில்லை. மேலே சுழலும் கனத்த சில்லில் காந்தம் பதித்திருக்கும். சில்லு சுழலும்போது அருகிலுள்ள கம்பிச்சுருளில் அக்காந்தமே மின்னை உண்டாக்கிப் பிளக்குக்கு அனுப்புகிறது. கத்தி பூட்டப்பட்டிருப்பது பெரும்பாலும் அதே தண்டின் மறுமுனையில். ஆகவே கூட்டின் கீழே கத்தியைக் கையால் திருப்புவதும், மேலே கயிற்றை இழுத்து எஞ்சினைக் கிளப்புவதும் ஒரே செயல். சூடாக இருக்கும் எஞ்சின் ஒரு சுற்றுப் பற்றிக்கொண்டாற்கூடப் போதும், கை மீளாது. பிடியை விட்டதும் மின்னை நிறுத்தும் ஏற்பாடு பல இயந்திரங்களில் உண்டு. ஆனால் அதன் வயர் அறுந்திருந்தால் வெளிப்பார்வைக்கு எதுவும் தெரியாது.

எனவே முதல் வேலை பிளக் வயரைக் கழற்றி, பிளக்கைத் தொடாதபடி ஒதுக்கி வைப்பது. வேறெந்த வேலையும் அதன் பின்னரே. மின்சாரத்தில் ஓடும் இயந்திரமானால் செருகியைச் சுவரிலிருந்து பிடுங்குவதும், பற்றறியில் ஓடுவதானால் பற்றறியைக் கழற்றுவதும் இதற்குச் சமம். அமெரிக்காவில் 1982 இல் நடைமுறைக்கு வந்த பாதுகாப்பு விதி, தள்ளிச்செல்லும் இயந்திரத்தின் பிடியை விட்ட 3 செக்கனுக்குள் கத்தி நின்றுவிட வேண்டும் என்கிறது. அந்தப் பிடியைக் கை நோகாமல் கயிற்றால் கட்டிவைத்து வேலை செய்பவர் எவராவது உங்கள் ஊரில் இருந்தால், அந்தக் கயிற்றை இன்றே அறுத்தெறியச் சொல்லுங்கள்.

சேராமல் காப்பது எப்படி

பாதி வேலை வெட்டும் முறையிலேயே முடிந்துவிடும். பனி உலர்ந்த பின், காலை ஒன்பது பத்து மணியளவில் தொடங்குவது நல்லது. மழைக்காலத்தில் முற்றாக உலர்ந்த நாள் கிடைக்காது என்பதை நாமறிவோம். இரண்டு மழைக்கிடையே வெயில் எறித்த பிற்பகல் ஒன்று கிடைத்தால் அதைத் தவறவிடாதீர்கள். புல்லின் உயரத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்கக்கூடாது. ஆறு அங்குலம் வளரவிட்டு இரண்டு அங்குலமாக்க முயல்வதே கூட்டை அடைக்கும் நேரான வழி. அப்படி வளர்ந்துவிட்டால் சில்லுகளை உயர்த்தி முதலில் நுனியை மட்டும் எடுத்து, சில நாட்கள் கழித்து மீண்டும் வெட்டுங்கள். ஆளுயரக் கினிப்புல்லுக்கு இந்த இயந்திரம் ஏற்றதன்று. அதற்குக் கத்தியோ தோளில் கொளுவும் இயந்திரமோ வேண்டும்.

எஞ்சினை முழு வேகத்தில் ஓடவிட்டு, நடையை மெதுவாக்க வேண்டும். பெற்றோலை மிச்சம் பிடிப்பதாக எண்ணி வேகத்தைக் குறைத்தால் காற்று குறைகிறது; துணுக்குகள் வெளியே போகாமல் உள்ளேயே தங்குகின்றன. கத்தி மழுங்கியிருந்தாலும் இதே கதை. மழுங்கிய கத்தி அறுப்பதில்லை, நார்நாராகக் கிழிக்கிறது. தீட்டும்போது இரு முனைகளையும் ஒரே அளவில் தேய்த்து, நடுத்துளையை ஓர் ஆணியில் மாட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் சற்றுத் தேய்க்க வேண்டும். நிறை ஒவ்வாத கத்தி தண்டையே ஆட்டிக் கெடுக்கும்.

மற்றப் பாதி, வேலை முடிந்தவுடன் செய்யும் பத்து நிமிட வேலை. புகைபோக்கியின் சூடு ஆறும்வரை, ஒரு தேநீர் குடிக்கும் நேரம், பொறுத்திருங்கள். அதற்குள் புல் காய்ந்துவிடாது. மறுநாள்வரை விட்டால்தான் இறுகும். பிளக் வயரைக் கழற்றி, பெற்றோல் திறப்பை மூடி, இயந்திரத்தைச் சாயுங்கள். எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதில் கவனம் தேவை. கையேடு இருந்தால் அதன்படி. இல்லையேல் காற்று வடிகட்டியும் காபரேற்றரும் மேல்நோக்கி இருக்கும்படி. மறுபுறம் சாய்த்தால் எஞ்சின் ஒயில் வழிந்து வடிகட்டியை நனைத்துவிடும். பிறகு கயிற்றை எவ்வளவு இழுத்தாலும் எஞ்சின் கிளம்பாது, கிளம்பினாலும் வெண்புகைதான். தாங்கியில் பெற்றோல் குறைவாக உள்ளபோது இதைச் செய்வது உத்தமம்.

சுரண்டுவதற்கு இரும்பு வேண்டாம். அது பெயின்றைக் கீறும், கீறிய இடத்தில் கறள் தொடங்கும். கருக்கைச் சீவி எடுத்த பனைமட்டைத் துண்டை ஆப்புப்போல் செதுக்கினால் அருமையான சுரண்டி. பின்பு வாளித் தண்ணீரும் தும்புத் தூரிகையும் போதும். சில இயந்திரங்களின் கூட்டில் தண்ணீர்க் குழாய் பொருத்தும் வாய் ஒன்று இருக்கும். இருந்தால் கையேடு சொல்கிறபடி பாவியுங்கள். சூடான எஞ்சின்மீதும் கத்தித்தண்டு சுழலும் இடத்திலும் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம். கழுவிய பின் நிமிர்த்தி, வயரைக் கொளுவி, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டால் உட்புறம் காற்றிலேயே உலர்ந்துவிடும். மேற்பக்கத்தில் எஞ்சினின் தகட்டு மடிப்புகளுக்குள் சிக்கிய சருகையும் தட்டிவிடுங்கள். எஞ்சின் குளிர்வது அவற்றின் ஊடாகவே.

பூச்சுகள்பற்றிப் பலர் கேட்கின்றனர். சிலிக்கன் தெளிப்பு, காரீயத்தூள் கலந்த உலர்பூச்சு, மெழுகு, சமையல் எண்ணெய் என்று பலவகை சொல்லப்படுகிறது. சுத்தமான, உலர்ந்த தகட்டில் பூசினால் புல் சற்று இலகுவாகக் கழரும் என்பது சரியே. ஆனால் எமது மணற்பாங்கான வளவுகளில் கத்தி கிளப்பும் மணல், உரத்தாள்போல் தேய்த்து அதைச் சீக்கிரமே போக்கிவிடும். பூச்சு வாங்கும் பணத்தில் ஒரு கம்பித் தூரிகையும், கறளைத் தடுக்கும் அடிப்பூச்சும், சிறு ரின் எனாமல் பெயின்றும் வாங்கி ஆண்டுக்கொரு முறை கறள் இடங்களைத் தேய்த்துப் பூசுவது மேல் என்பது எமது எண்ணம். எரிந்த எஞ்சின் ஒயிலைப் பூசும் வழக்கத்தை மட்டும் கைவிட வேண்டும். அது துளித்துளியாக மாடு மேயும் புல்லிலும், கிணற்றைச் சுற்றியுள்ள மண்ணிலும் போய்ச் சேர்கிறது.

யார் துப்புரவு செய்வது?

சொந்த இயந்திரத்தைச் சொந்தக்காரர் கவனிப்பார். பொது இயந்திரத்தின் பாடு வேறு. சனிக்கிழமை சேமக்காலைக்கு எடுத்தவர் பாடசாலைக்குக் கொடுக்கிறார். பாடசாலை விளையாட்டுக் கழகத்துக்குக் கொடுக்கிறது. ஒவ்வொருவரும் முன்னவருடைய புல்லின் மேல் தம்முடையதைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். இதற்குச் சட்டதிட்டம் எழுதுவதைவிட எளிய ஏற்பாடுகள் பயன்தரும். சுரண்டியை ஒரு கயிற்றில் கோத்து இயந்திரத்தின் கைபிடியிலேயே கட்டிவிடுங்கள். தேடிப்போக வேண்டிய கருவியை எவரும் தேடிப்போவதில்லை. கைமாறும்போது வாங்குபவர் முன்னிலையில் பிளக் வயரைக் கழற்றி அடிப்பக்கத்தைக் காட்டியே கொடுப்பது என்று சங்கக் கூட்டத்தில் ஒருமுறை தீர்மானித்தால் போதும். கொப்பியில் கையெழுத்து வாங்கும் சங்கங்கள் அதற்கும் ஒரு நிரல் போட்டுக்கொள்ளலாம். வெட்டுபவர் கூலிக்கு வருபவரானால், துப்புரவு செய்யும் நேரத்தையும் கூலியில் கணக்கிடுங்கள். கூலியில்லாத அந்தப் பத்து நிமிடத்தை அவரிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று.

பங்குனி சித்திரையில் புல் காய்ந்து வேலை ஓய்ந்ததும், தாங்கியில் மீதியுள்ள பெற்றோலை வடித்தெடுத்துவிடுங்கள். மாதக்கணக்கில் நின்றால் அது காபரேற்றரில் பிசினாகும். அடிப்பக்கத்தைச் சுரண்டிக் கழுவி, வெயிலில் உலர்த்தி, பெயின்ற் போன இடங்களில் மெல்லிதாக எண்ணெய் தடவுங்கள். மண்தரையில் வைக்காமல், அடியில் காற்றோட நான்கு செங்கற்களின்மேல் ஏற்றி வைக்கலாம். கொட்டில் கூரையின் ஒழுக்குக்கு நேர்கீழே வைத்துவிடாதீர்கள்.