பூ வைக்க ஒரு பின்னல்

என் அக்கா மகள் முடியை வெட்டித் தானம் செய்யப் போகிறாள் என்றதும் வீட்டில் முதலில் எதிர்த்தவர் என் அம்மாதான். "பொம்பளப் பிள்ளை முடியில கத்திரி வைக்கலாமா? அதுவும் கல்யாண வயசுல!" இடுப்பு வரை தொங்கும் பின்னல் அது. சின்ன வயதிலிருந்து எண்ணெய் தேய்த்து வளர்த்தவர் அவர்.

"பத்துமலையில மொட்டை போட்டா மட்டும் சரியா, பாட்டி?"

"அது முருகனுக்கு."

"இது நம்ம அத்தை மாதிரி ஒருத்தங்களுக்கு."

அம்மா அதன்பிறகு பேசவில்லை.

அத்தை என்றால் என் அண்ணி. போன வருடம் மார்பகப் புற்றுநோய்க்கு கீமோ எடுத்தார். கீமோ மருந்து வேகமாகப் பெருகும் உயிரணுக்களைத் தாக்கும். புற்றுநோய் அணுக்களும் அப்படிப் பெருகுபவை, முடி வேரில் இருப்பவையும் அப்படியே. எல்லா மருந்துக்கும் முடி கொட்டாது. அண்ணிக்குக் கொடுத்த மருந்துக்குக் கொட்டியது. முதல் ஊசி போட்ட மூன்றாவது வாரம் தலையணை முழுக்க முடி.

நோயைச் சொன்னபோது அழாதவர், சொந்தத்தில் கல்யாணப் பத்திரிகை வந்த அன்றுதான் அழுதார். "தலையில பூ வைக்காம எப்படிப் போய் நிப்பேன்?" அதில் இருந்த பயத்தைத் தமிழ்க் குடும்பங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

தெரிந்த ஒருவர் மூலம் இரவலாக ஒரு விக் கிடைத்தது. உண்மையான முடியில் செய்தது. கடையில் வாங்கினால் ஆயிரக்கணக்கில் வெள்ளி ஆகும். நம் வெயிலுக்கு அது அரிக்கத்தான் செய்தது. வீட்டுக்கு வந்ததும் கழற்றி வைத்துவிடுவார். ஆனால் கல்யாணத்தன்று அதில் இரண்டு முழம் மல்லிகை குத்தியிருந்தார். மண்டபத்தில் யாரும் குரலைத் தாழ்த்தி "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்கவில்லை. சேலை எங்கே எடுத்தது என்று கேட்டார்கள்.

இதைப் பார்த்துத்தான் என் அக்கா மகள் முடிவெடுத்தாள். அவளுக்கு முடி ஏற்கெனவே நீளம். புதிதாக வளர்ப்பவர்களுக்குப் பொறுமை வேண்டும். முடி மாதத்திற்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். 30 சென்டிமீட்டருக்கு இரண்டரை வருடம். ஒரு விக் செய்யப் பலருடைய முடி தேவை. ஆண்களும் கொடுக்கலாம், பள்ளியை முடித்த பிறகு!

வெட்டும் முறையும் முக்கியம். தேங்காய் எண்ணெய் போகத் தலைக்குக் குளித்து, நன்றாகக் காயவைத்து, சில பிரிவுகளாக ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டி, கட்டுக்கு மேலே வெட்ட வேண்டும். ஈரமாக உறையில் போட்டால் பூஞ்சை பிடித்துவிடும். தரையில் விழுந்து கலந்த முடி உதவாது; வேர்ப்பக்கமும் நுனிப்பக்கமும் மாறிப்போனால் சிக்கு விழும். தைப்பூசத்தில் இத்தனை பேர் மொட்டை போடுகிறார்களே, அதைக் கொடுத்தால் என்ன என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். சாயம் பூசிய முடியை ஏற்பார்களா, எவ்வளவு நீளம் வேண்டும் என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். வெட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

சிங்கப்பூரில் 2003 முதல் சிறுவர் புற்றுநோய் அறநிறுவனம் நடத்தும் 'ஹேர் ஃபார் ஹோப்' வேறு வகை. அங்கே மொட்டை போடுவது நிதி திரட்டவும் நோயுற்ற பிள்ளைகளுக்குத் துணை நிற்கவும்தான். பணமும் தேவைதான். முடி இலவசமாக வந்தாலும், அதை இழை இழையாக வலையில் முடிச்சுப் போடுபவருக்குக் கூலி உண்டு. முடியோடு ஐம்பது வெள்ளியும் சேர்த்துக் கொடுப்பது நல்லது என்பது என் எண்ணம்.

வெட்டும் நாளில் அம்மாவும் சலூனுக்கு வந்தார். வெள்ளிக்கிழமை கூடாது என்று சனிக்கிழமைக்கு மாற்றியதும் அவர்தான். நான்கு பிரிவாகக் கட்டி வெட்டிய முடி ஒன்றரை அடிக்குக் குறையவில்லை. உறையில் போடுமுன் அம்மா அதைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார்.

"எல்லாம் சரி, இனி உனக்குப் பூவ எங்க வைக்கிறது?"

காதளவு முடியைக் கோதிக்கொண்டே அவள் சிரித்தாள். "ஒரு வருஷம் பொறுங்க, பாட்டி."